லென்ஸ் மாற்றப் போய் 32,500 ரூபாய் கரைந்த கதை

2015 ஆவணியில் அக்காவின் மூத்த பெண்ணுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடி அண்ணனுக்குப் போனது, கேமரா என் கைக்கு வந்தது. என்னிடம் இருந்தது கேனன் 700டி, கூடவே பெட்டியில் வந்த 18-55 லென்ஸ். அந்த எண்கள் மில்லிமீட்டரில் குவிய தூரம்: எண் குறைந்தால் படத்துக்குள் அகலம் கூடும், எண் கூடினால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். கிட் லென்ஸ் என்று சொல்வார்களே, அதுதான். பத்தர் கம்பியை ஏற்றியதும் பிள்ளை வீறிட்டாள். விடாமல் அழுத்தி பதினான்கு படம் எடுத்தேன். இரவு திருச்சிக்குத் திரும்பிக் கணினியில் போட்டுப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. அண்ணனின் சட்டைப் பொத்தானை எண்ணிவிடலாம், பத்தரின் கைக்கடிகாரத்தில் மணி பார்க்கலாம். பிள்ளையின் முகம் மட்டும் ஈரத் துணியால் துடைத்தது மாதிரி இழுத்துக்கொண்டு கிடந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மாமா தன் செல்போனில் எடுத்த படத்தைத்தான் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார்கள். கேமரா வைத்திருப்பவனுக்கு இதைவிட அவமானம் என்ன வேண்டும்?

பொத்தான் தெளிவாக இருக்கிறது, முகம் மட்டும் கலங்கியிருக்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே ஐந்து நிமிடம் யோசித்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது. நான் யோசிக்கவில்லை. "கிட் லென்ஸ் அவ்வளவுதான், நல்ல லென்ஸ் வாங்கணும்" என்று முடிவு கட்டிவிட்டேன். "நல்ல லென்ஸ்" என்ற அந்தச் சொல்லில்தான் வம்பே. எதற்கு நல்ல லென்ஸ்? இருட்டுக்கா, குறுகலான இடத்துக்கா, தூரத்துக்கா? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. வழிகாட்ட ஆளும் இல்லை. கேமரா வைத்திருந்த நண்பர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், ஒருவரும் என் படத்தைக் காட்டச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்கக் கண் போய் நின்றது ஒரே இடத்தில்: கேனன் 24-105 எஃப் 4 எல். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும், எல் என்பது கேனனின் உயர்தர வரிசை. முனையில் சிவப்பு வளையம். கல்யாண போட்டோகிராபர்கள் தோளில் தொங்கும் அதே வளையம். பெரிய சென்சார் கொண்ட, ஃபுல் ஃபிரேம் என்று சொல்லும் 6டி கேமராவோடு கிட்டாக வந்ததைப் பிரித்து அப்போது தனியாக விற்றார்கள், புதுப்பெட்டி விலையைவிடக் குறைவு. அந்தத் தீபாவளிக்குப் போனஸ் வந்தது, சீட்டுப் பணமும் கைக்கு வந்தது. சென்னைக்குப் போய் 48,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வெள்ளை அட்டைப் பெட்டி, வாரண்டி அட்டை கிடையாது, கடைக்காரர் கையால் எழுதிக் கொடுத்த ரசீது மட்டும். லென்ஸ் முனையில் திருகி மாட்ட என்னிடம் இருந்த 58 மி.மீ. ஃபில்டர் இதற்குப் பொருந்தாது, 77 மி.மீ. வேண்டும் என்று அங்கேயே 2,400 ரூபாய் தனியாகப் போனது. விலை கேட்கும்போது ஃபில்டரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பலருக்கு இது கடையில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது.

ரயிலில் திரும்பும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இன்றும் அதை மறுக்க மாட்டேன், கையில் எடுத்தால் அது ஒரு பொருளாகத்தான் இருந்தது. 670 கிராம். என் பழைய லென்ஸ் 205 கிராம்தான், 700டி உடலே 580 கிராம்தான். அதாவது கேமராவைவிட லென்ஸ் கனம்! மூக்கு கவிழ்ந்தபடியே கழுத்தில் தொங்கும்.

மார்கழியில் ஒரு ஞாயிறு தாராசுரம் போனேன். கும்பகோணத்திலிருந்து பக்கம்தான், இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். குதிரை இழுக்கும் தேர் போலச் செய்த மண்டபம், அதன் சக்கரம், உள்ளே தூண் தூணாகச் சின்னச் சின்னச் சிற்பங்கள். மண்டபத்துக்குள் நின்று நான்கு தூணைச் சேர்த்து எடுக்கலாம் என்று வியூஃபைண்டரில் கண் வைத்தால் இரண்டுதான் வருகிறது. பின்னால் நகர்ந்தேன், முதுகில் தூண் இடித்தது. லென்ஸை இன்னும் விரித்துப் பார்த்தேன், 24-இல் முட்டி நின்றுவிட்டது. பழைய லென்ஸ் 18 வரை போகுமே என்று அப்போதுதான் உறைத்தது. அதை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

படம் பதியும் சென்சார் 700டி-யில் சின்னது, கிராப் சென்சார் என்பார்கள். ஃபுல் ஃபிரேமோடு ஒப்பிட லென்ஸின் எண்ணை 1.6-ஆல் பெருக்க வேண்டும். 24-105 என்பது 6டி-யில் நிஜமாகவே 24, நல்ல அகலம். என் கேமராவில் அது 38 மாதிரி நடந்துகொள்ளும். கிட் லென்ஸின் 18 எனக்கு 29 மாதிரி. எண்ணாகப் பார்த்தால் புரியாது, வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். பத்தடி தள்ளி நின்று எடுத்தால் 18-இல் சுமார் பன்னிரண்டரை அடி அகலம் படத்துக்குள் வரும், 24-இல் ஒன்பதடிக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பொங்கலுக்கு எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தினேன், ஓரத்தில் இருந்த இரண்டு பேர் வெளியே. "இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று நான் சொல்ல, பெரியப்பா "இதுக்கு மேல நெருங்கினா ஒருத்தர் மேல ஒருத்தர்தான் ஏறணும்" என்றார். அகலப் பக்கத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கு. 55-க்கும் 60-க்கும் வித்தியாசமே தெரியாது, 15-க்கும் 18-க்கும் ஊரே வித்தியாசம்.

சரி, அகலம் போகட்டும், இருட்டுக்காகத்தானே வாங்கினோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதுவும் நிற்கவில்லை. காதுகுத்துப் படங்களின் விவரத்தைத் திறந்து பார்த்தேன்: 55 மி.மீ., எஃப் 5.6, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 1600, ஷட்டர் திறந்திருந்தது 1/25 நொடி. வீறிட்டுத் தலையை ஆட்டும் குழந்தைக்கு 1/25 எந்த மூலைக்கு? புது லென்ஸின் எஃப் 4 அதே இடத்தில் இரண்டு மடங்கு வெளிச்சம் தரும், ஷட்டர் 1/50 ஆகும். அப்போதும் கலங்கல்தான். எஃப் 2.8 இருந்தால் நான்கு மடங்கு, 1/100. இதில் இன்னொரு கூத்து, 24-இல் வைத்தால் என் கிட் லென்ஸ் காட்டியதும் எஃப் 4-தான். அகலப் பக்கத்தில் 48,000 ரூபாய்க்கு எனக்கு ஒரு சொட்டு வெளிச்சம்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

லென்ஸ்களில் நடுக்கம் தாங்கும் வசதி ஒன்று இருக்கிறதே, அதுவும் என்னை ஏமாற்றியது. உண்மையில் ஏமாந்தது நான்தான். அது நம் கை நடுக்கத்தைத் தாங்கும், எதிரே ஆடும் பிள்ளையை நிறுத்தாது. பொத்தான் தெளிவாக இருந்ததற்குக் காரணம் அந்த வசதி, முகம் கலங்கியதற்குக் காரணம் பிள்ளையின் ஆட்டம். உங்கள் படம் கலங்கினால் முதலில் இதைப் பாருங்கள்: மொத்தப் படமும் கலங்கியிருக்கிறதா, அசைந்தது மட்டுமா? மொத்தமும் என்றால் கை நடுக்கம். அசைந்தது மட்டும் என்றால் ஷட்டர் வேகம் போதவில்லை. அன்றைக்கு ஐஎஸ்ஓ-வை 3200-க்கு ஏற்றியிருந்தால் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்திருக்கும், ஆனால் 1/50 சும்மாவே கிடைத்திருக்கும். காசு செலவில்லை. புள்ளி விழும் என்று பயந்து 1600-க்கு மேல் போகக் கூடாது என்று நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன்.

ஒரு நாள் வீம்புக்கு இரண்டு லென்ஸையும் முக்காலியில் வைத்து, எஃப் 8-இல், மொட்டை மாடியிலிருந்து மலைக்கோட்டையை எடுத்து ஏ4 அளவில் பிரிண்ட் போட்டேன். மனைவியிடம் நீட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "என்னங்க, இதுல எது அம்பதாயிரத்துப் படம்?" என்றாள். பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்க்காமல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

விற்றுவிடலாம் என்று முடிவெடுக்கவே எட்டு மாதம் ஆனது. மனசு வரவில்லை, அதுதான் காரணம். 2016 ஆகஸ்டில் அதே லென்ஸின் இரண்டாம் பதிப்பை 5டி மார்க் 4-ஓடு அறிவித்தார்கள். பழையதைக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் உடனே விலையைக் குறைத்துப் பேசினார்கள். அலைந்து திரிந்து 33,000-க்கு ஒருவர் படிந்தார், நவம்பர் இரண்டாவது வாரம் ரொக்கமாகத் தருகிறேன் என்றார். நவம்பர் 8 இரவு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் காலை அவரே போன் செய்து, "சார், இப்பவே வந்து வாங்கிக்கிறேன், எல்லாம் ஐந்நூறு ரூபா நோட்டா இருக்கு" என்றார். மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் யாரும் லென்ஸ் பக்கம் திரும்பவில்லை. 2017 ஜனவரியில் 29,000-க்குக் கொடுத்தேன். 19,000 போச்சு. வாரண்டி அட்டை இல்லாததும் விலையை இழுத்தது. வாங்கும்போது மிச்சம் பிடித்தது விற்கும்போது அப்படியே திரும்பப் போய்விடும்.

இப்போதாவது நிதானமாக இருந்திருக்க வேண்டும். கையில் பணம் இருந்தது, எஃப் 2.8 வேண்டும் என்பது தெரிந்துவிட்டது, 17-இல் தொடங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. கேனனின் சொந்த 17-55 எஃப் 2.8 விலை கூடுதல். வேறு நிறுவனங்களும் அப்போது 17-50 எஃப் 2.8 செய்தன, அதில் ஒன்று பழையதாக 17,000-க்கு வந்தது. விற்பவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடைக்கு வரச் சொன்னார், மாலை ஏழு மணி. இரண்டு படம் எடுத்துக் கேமராத் திரையில் பார்த்தேன், கண்ணாடியில் கீறல் இல்லை, சரி என்று பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பழைய லென்ஸை இருட்டில் வாங்காதீர்கள். பொண்ணு பார்க்கப் போவதற்கே பகலில்தானே போகிறோம்!

வீட்டில் செல்போன் டார்ச்சை ஒரு முனையில் அடித்து மறு முனையில் சாய்த்துப் பார்த்தபோது உள்ளே மெல்லிய சிலந்தி வலை மாதிரி இழை இழையாகப் படர்ந்திருந்தது. பூஞ்சை. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு, பையில் மூடி மாதக்கணக்கில் எடுக்காமல் வைத்தால் எந்த லென்ஸுக்கும் வரும். ஓரத்தில் இருந்ததால் படத்தில் தெரியவில்லை, ஆனால் விட்டால் பரவும், கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும். அதோடு இன்னொரு தலைவலி. எஃப் 2.8-இல் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் மூக்கு நுனி தெளிவாக வருகிறது. திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் சரியாக இருக்கிறது, வியூஃபைண்டர் வழியாக எடுத்தால் முன்னால் விழுகிறது. அப்படியென்றால் லென்ஸ் கண்ணாடியில் கோளாறு இல்லை, அந்த லென்ஸுக்கும் என் கேமராவின் ஃபோகஸ் சென்சாருக்கும் ஒத்துப்போகவில்லை. 70டி, 7டி மாதிரி கேமராக்களில் இதைத் திருத்திக்கொள்ள மெனுவிலேயே வசதி உண்டு, 700டி-யில் கிடையாது. விற்றவரிடம் என்ன கேமரா இருந்ததோ, அதில் ஒழுங்காக வேலை செய்திருக்கலாம். அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. போனைத்தான் எடுக்கவில்லை.

பூஞ்சை எடுக்க ஒரு பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன், 3,500 ரூபாய், மூன்று வாரம். பூஞ்சை போனது. திரும்பி வந்த லென்ஸில் இடது ஓரம் முழுக்கத் தெளிவு போயிருந்தது. உள்ளே பிரித்த கண்ணாடி ஒன்று மையம் தவறி உட்கார்ந்திருக்கிறது. செங்கல் சுவரை நேராக நின்று எடுத்து நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்தால் இது பச்சையாகத் தெரியும். கடையில் நின்றே செய்யலாம், இரண்டு நிமிட வேலை. இவ்வளவு கதையையும் சொல்லியே ஒரு கல்லூரிப் பையனிடம் 7,000-க்குக் கொடுத்தேன், அவனுக்கு வீடியோ எடுக்கத்தான் வேண்டியிருந்தது. இதில் 13,500. முன்னதோடு சேர்த்தால் 32,500 ரூபாய். அந்த ஒரு மாதம் கேமராவைத் தொடவே இல்லை. வீட்டில் யாராவது "போட்டோ எடு" என்றால் எரிச்சலாக வந்தது.

அதற்குப் பிறகுதான் முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். கிட் லென்ஸில் ஒன்றரை வருடம் எடுத்த படங்களில் அழிக்காமல் வைத்திருந்த 1,940 படங்களை லைட்ரூம் மென்பொருளில் ஏற்றினேன். எந்தக் குவிய தூரத்தில் எத்தனை படம் என்று அதுவே பிரித்துக் காட்டும், காசு கொடுக்க விருப்பம் இல்லாவிட்டால் படத்தோடு சேர்ந்து பதியும் எக்ஸிஃப் விவரம் காட்டும் இலவச மென்பொருள்களும் இருக்கின்றன. 18-இல் மட்டும் 760 படம். 55-இல் 410. மிச்சம் எல்லாம் நடுவில் சிதறிக் கிடந்தது. 18-இல் எடுத்தவை கோயில், கூடம், குடும்பம். 55-இல் எடுத்தவை என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தூரத்துப் பறவை, மலை என்று நினைத்திருந்தேன். கிட்டத்தட்ட எல்லாம் முகங்கள், அதுவும் ட்யூப்லைட் வெளிச்சத்தில். 105 வரை நீளம் எனக்குத் தேவையே இல்லை. என் ஆசை காட்டுக்குள் திரிந்துகொண்டிருந்தது, நான் என்னவோ வீட்டுக் கூடத்தில்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்தேன். கல்யாணம் எடுக்கும் ஒருவரிடம் கேனன் 17-55 எஃப் 2.8 இருந்தது, ஆதார் நகலும் நாளுக்கு 600 ரூபாயும் வாங்கிக்கொண்டு கொடுத்தார். சனி, ஞாயிறு இரண்டு நாள். அதே தாராசுரம் மண்டபம், அதே கூடம், அதே ட்யூப்லைட்டில் கட்டிலில் குதிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். புது இடத்துக்குப் போய்ச் சோதித்தால் இடத்தின் அழகில் லென்ஸை மறந்துவிடுவோம், முன்பு தோற்ற இடத்திலேயே சோதிக்க வேண்டும். 17-இல் நான்கு தூணும் வந்தன. பிள்ளைகள் அந்தரத்தில் நின்றார்கள். வியூஃபைண்டரிலும் லைவ் வியூவிலும் ஃபோகஸ் ஒரே இடத்தில் விழுந்தது. 645 கிராம் கனம் அப்படியேதான் இருந்தது, அதற்கு வழியில்லை. அவரே ஃபுல் ஃபிரேமுக்கு மாறப்போவதாகச் சொன்னதால் ஜூலையில் அதையே 34,000-க்கு வாங்கிக்கொண்டேன், பகல் பதினோரு மணிக்கு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு. அந்தப் பழைய 77 மி.மீ. ஃபில்டர் இதற்கு அப்படியே பொருந்தியது. முதல் சுற்றில் தப்பித்தது அது ஒன்றுதான். இப்போது லென்ஸ் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் 17-55 வாங்க ஓடிவிடாதீர்கள். ஊர் சுற்றுபவர், பகலில் எடுப்பவர் என்றால் அதே கேனனின் 15-85 மேல், 15 மி.மீ. அகலத்துக்கு முன் என்னுடையது ஒன்றுமில்லை, ஆனால் நீளப் பக்கத்தில் மறுபடியும் எஃப் 5.6. ஒரே லென்ஸில் எல்லாம் வேண்டும், கனமும் கூடாது என்பவருக்கு 18-135 எஸ்டிஎம் போதும். அடுத்த வருடமே ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்குவது நிச்சயம், பணமும் தயார் என்றால் மட்டும் 24-105 பக்கம் போங்கள். "என்றைக்காவது மாறுவேன்" என்று நானும்தான் சொல்லிக்கொண்டேன், இன்னும் மாறவில்லை. முகம் மட்டும்தான் பிரச்சினை என்றால் கிட் லென்ஸை வைத்துக்கொண்டே 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்று வாங்கிவிடலாம், 160 கிராம், இந்தக் கூட்டத்திலேயே மலிவு அதுதான். இப்போது உடலுக்குள் மடங்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வாங்குபவர்களுக்கு இந்தக் கனம் பெரிய கவலையில்லை. சிக்மாவின் 18-50 எஃப் 2.8 முன்னூறு கிராம்தான், சோனிக்கு 2021-இலேயே வந்தது, கேனன் ஆர்எஃப் மவுன்ட்டுக்கு 2024-இல் வந்தது. படம் பதியும் சென்சாரிலேயே ஃபோகஸும் நடப்பதால் நான் பட்ட முன்னால் விழும் தொல்லையும் அவற்றில் அனேகமாக இல்லை. போன மாதம் அலுவலகத்துத் தம்பி ஒருவன் என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டான். பெயர் எதுவும் சொல்லவில்லை, படங்களை எண்ணிக்கொண்டு வா என்று அனுப்பினேன். அவன் இன்னும் வரவில்லை.

2017 ஆவணியில் அக்காவின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து. அதே கோயில், அதே மண்டபம், அதே அண்ணன் மடி. 55 மி.மீ., எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/200. கன்னத்தில் உருண்டு நின்ற கண்ணீர்த் துளி தனியாகத் தெரிகிறது. அக்கா அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அண்ணனுக்கு மட்டும் அந்தப் படத்தின் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. எஃப் 2.8-இல் பிள்ளையின் முகத்துக்கு ஃபோகஸ் வைத்தால் பின்னால் இருப்பவர் மங்கிவிடுவார். "தாய்மாமன் நான்டா, என் மூஞ்சியத்தான் புகை மாதிரி ஆக்கி வச்சிருக்கே" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.